கூமாப்பட்டிப் பாலும் போணி பில்லும்

டேட்டாபேஸ் எழுதிப் பிழைப்பவனை, வேலை ஒழுங்காக ஓடும்வரை யாரும் நினைப்பதில்லை; நின்றால் மட்டும் குடும்பத்தோடு சேர்த்து நினைப்பார்கள். "செத்த நேரம் இருங்க, சிஸ்டம் ஸ்லோ" என்று கவுண்டரில் சொன்னவர்களும், அதைக் கேட்டுக் கால் கடுக்க நின்றவர்களும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ் ராஜபாளையத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. மொத்தம் இரண்டு பேர். நான், என்னோடு சேர்ந்து நிரல், அதாவது புரோகிராம், எழுதும் ஜெபா. பெரிய கம்பெனிகளில் டேட்டாபேஸுக்கென்று தனிக் கம்ப்யூட்டர், தனி அறை, ஏசி, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் உண்டு. எங்களுடையது அந்த வசதிக்குப் பிறந்ததில்லை. நிரலுக்குள்ளேயே குடியிருக்கும் ஒரே ஒரு ஃபைல், அவ்வளவுதான். அதற்கு ஒரு சட்டம் உண்டு. எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே சமயத்தில் படிக்கலாம். எழுதுவது மட்டும் ஒரு சமயத்தில் ஒருவர். அவர் எழுதி முடிக்கும்வரை ஃபைல் பூட்டிக்கொள்ளும், மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும்.

இந்தச் சின்னச் சட்டத்தால் கூமாப்பட்டியில் ஒரு பால் மையம் மூடப்பட இருந்தது. அது தப்பித்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். வழியில் வேறு சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூட்டியது யார்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பால்கோவா கடை. முதலாளி, தலைமுறையாகக் கோவில் கைங்கரியத்தில் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். நெற்றியில் திருமண் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. கடையின் முன்பக்கம் பில் போடும் கவுண்டர்கள், பின்பக்கம் அடுப்படி. அடுப்படி வாசலில் ஒரு மின்தராசு. கூமாப்பட்டி, கான்சாபுரம் போன்ற மலையடிவார ஊர்களிலிருந்து வேனில் வரும் பால் கேன்களை அங்கே எடை போட்டு, பட்டனை அமுக்கிப் பதிவு செய்துவிட்டு உள்ளே தூக்கிப் போவார்கள். பில், பால் எல்லாம் போய்ச் சேர்வது எங்களுடைய அந்த ஒரே ஃபைலில்தான்.

நிரலைப் போட்ட முதல் நாளே கவுண்டர் திரையில் சிவப்பாக "பூட்டப்பட்டுள்ளது, பிறகு முயலவும்" என்று வந்தது. நான் முதலாளியிடம் பாடம் நடத்தினேன். வேறொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார், அவர் முடித்ததும் தானாகத் திறந்துகொள்ளும், இது கோளாறு இல்லை, பாதுகாப்பு என்றெல்லாம் அடுக்கினேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான், பூட்டை வைத்திருப்பவரின் பெயரும் திரையில் தெரியும்படி மாற்றினோம். அதனால் கவுண்டருக்குக் கவுண்டர் "ஏலே, நீதாம்லே பூட்டி வச்சிருக்க" என்று சண்டை வந்தது வேறு விஷயம். ஆனால் அந்த ஒரு மாற்றம் பின்னால் எங்கள் மானத்தைக் காப்பாற்றியது. முதலாளி அன்று சொன்னது இதுதான்: "வீட்டப் பூட்டிட்டுப் போனா சாவி யாருகிட்ட இருக்குன்னு சொல்லிட்டுப் போவமா மாட்டமா? ஒங்க பொட்டி அத மட்டும் சொல்ல மாட்டேங்குதே தம்பி."

பறிபோன டீ

இது ராஜபாளையத்திலேயே, பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் நடந்தது. பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் முன் எல்லாப் பெட்டி எண்களையும் ஃபைலில் ஏற்ற வேண்டும். எங்கள் நிரல் ஓர் எண்ணை எழுதும். அது டிஸ்க்கில் பத்திரமாக இறங்கிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளும். அப்புறம்தான் அடுத்த எண்ணைத் தொடும். ஒவ்வொரு செங்கலுக்கும் தனித்தனியாக லாரி பிடிப்பது போன்ற வேலை. அது ஏறி முடிவதற்குள் லேபிள் மேஜையில் இருக்கும் பெண்கள் டீ குடித்து, வடையைப் பிய்த்துப் பங்கு போட்டு, ஊர் நியாயம் பேசி முடித்திருப்பார்கள்.

ஜெபா அத்தனை எண்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே தடவையில் இறக்கும்படி மாற்றினாள். பட்டனை அமுக்கினால் கையை எடுப்பதற்குள் முடிந்தது. கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்து நின்றோம். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் கையிலிருந்த டீ கிளாஸைப் பார்த்தார்கள். ஜெபாவுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. நேராக மேனேஜரிடம் போய், மிச்சமாகும் நேரத்தில் கொஞ்சத்தை டீக்கென்றே ஒதுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தாள். அதற்கு முன்னால் அந்த மேஜையின் மூத்த அம்மா அவளைப் பார்த்துக் கேட்டது இன்னும் எங்கள் ஆபீஸில் ஓடிக்கொண்டிருக்கிறது: "ஏட்டி, நீ எங்களுக்கு ஒத்தாச பண்ண வந்தியா, எங்க டீயப் பிடுங்க வந்தியா?"

சந்தனப் பொட்டு

மறுபடியும் பால்கோவா கடை. ஆடிப்பூரத் தேர் முடிந்ததிலிருந்து எங்கள் நிரல் நாளுக்கு நாள் மந்தமாகிக்கொண்டே வந்தது. புரட்டாசி பிறந்தபோது, ஒரு பில் வெளியே வருவதற்குள் வாங்க வந்தவர் மாதிரிக்குக் கொடுத்த பால்கோவாவையே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுகிறார் என்று புகார். நானும் ஜெபாவும் மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்தோம், ஒன்றும் பிடிபடவில்லை. அப்போது ஆயுத பூஜை வந்தது. முதலாளி அடுப்பு, தராசு, வேன் எல்லாவற்றுக்கும் ஓய்வு கொடுத்து, கம்ப்யூட்டரையும் அணைத்து, அதன் நெற்றியாகப்பட்ட இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். விஜயதசமி அன்று திறந்தால் நிரல் பறக்கிறது.

காரணம் முதலாளியின் அறையிலேயே இருந்தது. ஆடிப்பூரத்தன்று எந்த வகைப் பால்கோவா எத்தனை கிலோ போனது என்ற பட்டியலைத் திரையில் திறந்தவர், சந்தோஷத்தில் அதை மூடவே இல்லை. சாமி படம் போல இரவும் பகலும் அது அப்படியே இருக்கும், கம்ப்யூட்டரை யாரும் அணைப்பதில்லை. பட்டியலைப் பாதிவரை படித்த நிலையிலேயே எங்கள் நிரலும் நின்றுகொண்டிருந்தது. புதிதாக எழுதப்படுபவை முதலில் ஒரு பக்கத்து ஃபைலில் சேர்ந்து, பிறகு மெயின் ஃபைலுக்குப் போக வேண்டும். ஒருவர் படித்துக்கொண்டே இருந்தால், அவர் பார்ப்பதைக் கலைக்கக் கூடாது என்று அந்தப் பக்கத்து ஃபைல் காலியாகாமல் பெருத்துக்கொண்டே போகும், அதையும் புரட்டிப் பார்க்க வேண்டியதால் எல்லாம் மந்தமாகும். பூஜைக்காகக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது.

பட்டியலைப் படித்து முடித்ததும் ஃபைலை விட்டுவிடும்படி நிரலைத் திருத்தினேன். முதலாளிக்கும் விளக்கினேன். அவர் நான் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. அன்றுமுதல் அந்தக் கம்ப்யூட்டர் மேல் அவருக்கு ஒரு பக்தி வந்துவிட்டது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாமல் நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னார்: "சந்தனப் பொட்டு வச்ச பொறவு இது பொய் சொல்லாது தம்பி. இனி இது சொன்னா சொன்னதுதான்."

கூமாப்பட்டியிலிருந்து ஒரு போன்

பேச்சியம்மாள் கூமாப்பட்டியில் அந்தக் கடைக்காகப் பால் மையம் நடத்துகிறார். நான் பேச்சியக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்கள் விடிந்ததும் தூக்குவாளியில் பால் கொண்டுவந்து ஊற்றுவார்கள். அக்கா அளந்து, கேனில் நிரப்பி, வேனில் ஏற்றிவிடுவார். அடுத்த ஆடிப்பூரம் நெருங்கிக்கொண்டிருந்த சமயம் அவரிடமிருந்து போன். "சார், எங்க பால் தெனமும் லேட்டா வருதுன்னு ஒங்க பொட்டி சொல்லுதாம். ஆடிப்பூரத்தோட மையத்த மூடிருவேன்னு மொதலாளி சொல்லிட்டாவ."

முதலாளியிடம் போய்க் கேட்டேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். கான்சாபுரத்துப் பால் தினமும் நேரத்துக்கு வந்திருக்கிறது. கூமாப்பட்டிப் பால் பெரும்பாலான நாட்கள் தாமதம். பால் பிந்தினால் புளிக்கும், புளித்தால் பால்கோவா கெடும், கடையின் பெயர் போகும் என்றார். கூமாப்பட்டிக்காரர்கள் இனிமேல் கான்சாபுரத்தில் கொண்டுபோய் ஊற்றட்டும் என்றும் சொன்னார். கூமாப்பட்டி வேன் டிரைவரை விசாரித்தேன். "நான் எப்பவும் வார நேரத்துக்குத்தான் வாரேன்" என்றார். அடுப்படி மாஸ்டரோ பாலில் ஒரு குறையும் இல்லை என்றார். ஆனால் பொட்டு வைத்த பெட்டிக்கு எதிராக மனிதச் சாட்சி எடுபடவில்லை.

மையம் மூடினால் அக்காவுக்கு வேலை போகும். தூக்குவாளியில் பால் கொண்டுவருகிற வயசாளிகள் பக்கத்து ஊர்வரை நடக்க முடியாமல் மாட்டையே விற்றுவிடுவார்கள். ஆனால் பேச்சியக்கா அன்று போனில் அழவுமில்லை, என்னைத் திட்டவுமில்லை. கடைசியாக ஒன்றுதான் சொன்னார்: "வேலை போனாக்கூட வேற பாத்துக்கிடுவேன் சார். லேட்டா அனுப்புதவன்னு பேரு வாங்கிட்டா இந்த ஊருல என்னய நம்பி யாரு பால் ஊத்துவா? ஒரு தடவ வந்து என்னன்னு பாருங்க."

இடம் மாறிய மாடு

முதலில் தராசின் மேல்தான் சந்தேகப்பட்டோம். தராசு எடையைச் சொல்லத் தாமதிக்கிறது, நிரல் அதற்காகக் காத்து நிற்கிறது, நேரம் ஓடுகிறது என்பது ஜெபாவின் கணக்கு. அடுப்படி வாசலில் இன்னொரு தராசும் போட்டு, ஒவ்வொரு தராசின் எடையையும் தனித்தனித் த்ரெட் படிக்கும்படி எழுதினாள். த்ரெட் என்பது ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் வேலை செய்யும் இன்னொரு கை. கைகள் கூடினால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் இரண்டு கைகளும் ஒரே பாத்திரத்தைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கென்று பார்த்து கான்சாபுரத்து வேன் பஞ்சராகி, கூமாப்பட்டி வேனோடு சேர்ந்து வந்தது. இரண்டு கேன்களும் ஒரே சமயத்தில் இரண்டு தராசிலும் ஏறின. எந்த ஊர் என்பதை இரண்டு த்ரெட்டும் ஒரே இடத்தில் குறித்து வைத்துக்கொண்டிருந்ததால், கான்சாபுரத்தின் எடை கூமாப்பட்டியின் பெயரிலும், கூமாப்பட்டியின் எடை கான்சாபுரத்தின் பெயரிலும் விழுந்தது. கூமாப்பட்டிக் கணக்கில் பால் குறைந்துபோனது. முதலாளி "லேட்டுன்னு பாத்தா கொறச்சலும்லா இருக்கு" என்று ஆரம்பித்துவிட்டார். ஜெபா அங்கேயே உட்கார்ந்து பழைய நிரலைத் திரும்பப் போட்டு, எடைகளையும் சரி செய்தாள். அடுப்படி மாஸ்டர் மட்டும் வேனிலிருந்து கேன் இறங்கியதைக் கண்ணால் பார்த்திருந்ததால் அவர்தான் எங்கள் பக்கம் பேசினார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "ஏன் மொதலாளி, கூமாப்பட்டி மாடு ராத்திரியோட ராத்திரியா கான்சாபுரத்துக்குக் குடி போயிருச்சா?"

மாரியப்பன் அண்ணாச்சியின் போணி

வேறு வழியில்லாமல் ஒரு நாள் காலையில் கடை திறக்கும்போதே போய் அடுப்படி வாசலில் நின்றுகொண்டேன். கான்சாபுரத்து வேன் முன்னதாகவே வந்து இறக்கிவிட்டுப் போயிருந்தது. முன்வாசல் ஷட்டரை ஏற்றுகிற சத்தமும் கூமாப்பட்டி வேனின் ஹாரனும் ஒன்றாகக் கேட்டன. கேனைத் தராசில் வைத்தார்கள், பட்டனை அமுக்கினார்கள். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. தூக்கி வந்தவர்கள் அதைப் பார்க்க நிற்கவில்லை, பாலை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் மட்டும் குனிந்து பார்த்தேன். வட்டத்துக்குக் கீழே, பூட்டை வைத்திருப்பவர் பெயர் இருந்தது: கவுண்டர் ஒன்று, மாரியப்பன்.

முன்பக்கம் ஓடினேன். மாரியப்பன் அண்ணாச்சி கடையின் மூத்த கேஷியர். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஆள் இல்லை. திரையில் பாதி பில், அதில் அரைக் கிலோ பால்கோவா. அன்றைய முதல் வாடிக்கையாளர் அதைச் சொல்லிவிட்டு, இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கேட்டு வர, கோவிலுக்குள் இருக்கும் மனைவியைத் தேடிப் போயிருக்கிறார். எங்கள் நிரல் பில்லின் முதல் வரியிலேயே பூட்டைப் போட்டு, பில் முடியும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும். மற்ற நேரங்களில் இப்படி யாராவது போனால் அண்ணாச்சி பில்லை ரத்து செய்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். அன்றைய முதல் வியாபாரமான போணி பில்லை மட்டும் தொடமாட்டார்; அது முறிந்தால் நாளே கெடும் என்பது அவர் நம்பிக்கை. அந்த அம்மா தரிசனம் முடித்து வரும்வரை பூட்டு அண்ணாச்சியிடம், பால் வரிசையில். கோவில் பக்கத்துக் கடை என்பதால் பெரும்பாலான நாட்கள் முதல் ஆள் இப்படித்தான்; அந்நேரம் வேறு கவுண்டர் திறக்காததால் யாருக்கும் தெரியவில்லை. பூட்டு திறந்து எழுதும்போது மணி என்னவோ, அதையே பால் வந்த நேரம் என்று எங்கள் நிரல் குறித்துக்கொண்டிருந்தது. கடை திறக்கும் முன்னே வருகிற கான்சாபுரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கடை திறக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து நின்றதுதான் கூமாப்பட்டி செய்த குற்றம்.

"அண்ணாச்சி, அந்த பில்ல கேன்சல் பண்ணுங்களேன்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் அத்தனை பிடிவாதமாக இருந்திருக்காவிட்டால் இது எந்தக் காலத்திலும் என் கண்ணில் பட்டிருக்காது. அவர் சொன்னார்: "போணி பில்ல கேன்சல் பண்ணச் சொல்லுதீய. படிச்ச பிள்ள பேசுத பேச்சா இது? அந்த அம்மா பொறுமையா சேவிச்சுட்டு வரட்டும், இப்ப என்ன அவசரம்?"

பொட்டு வைத்தவர்

அன்றைக்கே நானும் ஜெபாவும் உட்கார்ந்து மாற்றினோம். பாதி பில் இனி கவுண்டரிலேயே இருக்கும். அச்சடிக்கும் பட்டனை அமுக்கும்போதுதான் பூட்டு, அதுவும் கண் சிமிட்டும் நேரம். பால் வந்த நேரம் என்பது தராசுப் பட்டனை அமுக்கிய நேரம், எழுதுவது எப்போது நடந்தாலும் சரி. மறுநாள் காலை முதலாளியையே அடுப்படி வாசலில் நிற்க வைத்தேன். வேன் வந்தது, கேன் ஏறியது, நேரம் பதிந்தது. முன்பக்கம் அண்ணாச்சி வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு போணிக்காரரின் மனைவிக்காகக் காத்திருந்தார்.

முதலாளி திரையில் பதிந்த நேரத்தையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நியாயம்தான். அவர் செல்போனை எடுத்து அவரே பேச்சியக்காவைக் கூப்பிட்டார். மையம் மூடவில்லை என்றார். தப்பு இங்கேதான் என்று, அடுப்படியில் எல்லோரும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பேச்சியம்மா அன்னிக்கே நேர்ல வந்து படிச்சுப் படிச்சு சொல்லிச்சு, நான் கேக்கல. பொட்டி சொன்னத நம்பிட்டேன். அதுக்குப் பொட்டு வச்சது நான்தான தம்பி, ஒங்களச் சொல்லி என்ன?"

ஆடிப்பூரம்

தேரன்று கடையில் நிற்க இடமில்லை. எல்லாக் கவுண்டரும் திறந்திருந்தன. நானும் ஜெபாவும் ஒரு மூலையில் நின்று, திரையில் அந்தச் சிவப்பு வரி வருகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. வெளியே வடம் பிடிக்கிறவர்களின் சத்தம் தெருவைத் தூக்கிக்கொண்டு போனது. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேச்சியக்கா வந்தார், கூடவே கூமாப்பட்டிக்காரர்கள் சிலர். முதலாளி இடத்தை விட்டு எழுந்து, தன் கையாலேயே எல்லோருக்கும் சுடச்சுடப் பால்கோவா கொடுத்தார். "ஒங்க ஊருப் பால்தான், சாப்பிடுங்க" என்றார்.

நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "தப்பு எங்க நிரல்லதான் அக்கா" என்று சொன்னேன். ஜெபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், அடுப்புப் புகை என்று சமாளித்துக்கொண்டேன். அத்தனை நாள் பொய்யான பெயரைச் சுமந்த பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தார். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய சம்பாத்தியம் அந்தச் சிரிப்பும், அதோடு அவர் சொன்ன வார்த்தையும்தான்: "மிசினு தப்பாச் சொல்லும், மனுசனும் தப்பாச் சொல்லுவான் சார். நான் சொல்லுதது நெசமா இருக்கலாம்னு நெனச்சு ஒரு ஆளு வந்து பாத்தீயள்லா, எனக்கு அது போதும்."

பூட்டு, த்ரெட், வேகம் என்று இத்தனை வருடம் மண்டையை உடைத்துக்கொண்டதில் நான் உருப்படியாகக் கற்றது ஒன்றே ஒன்றுதான்: கடையில் போணி ஆகும்வரை யாரையும் லேட் என்று சொல்லிவிடக் கூடாது.